இலையில் கோடு போடும் ஈ

லயத்துப் பக்கம் போனால், “இலையில கோலம் போட்ட மாதிரி இருக்கே, என்ன நோய்?” என்று போஞ்சி இலையைக் காட்டுகிறார்கள். இது நோயல்ல, இலைச்சுரங்க ஈயின் வேலை. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஈ 1990களில் நம் மலைநாட்டுக்கு வந்து, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கைப் பிடித்தது.

கொசுவை விடச் சிறியது. கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும். இலையைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு இரண்டு தோலுக்கும் நடுவே பச்சையைத் தின்றுகொண்டே போகும்; போன பாதைதான் அந்த வெள்ளைக் கோடு. இலை காய்ந்தால் கிழங்கு பருக்காது. பீட்ரூட், சலாது, வரப்புக் களை எதையும் விடாது. தேயிலையில் கோடு போடுவது வேறொரு ஈ. அதால் பெரிய சேதமில்லை.

கோட்டைக் கண்டதும் சிலர் அடிக்கடி மருந்தடிக்கிறார்கள். புழு இலைக்குள் இருப்பதால் பல மருந்துகள் அதில் படுவதில்லை. சாவது, அந்தப் புழுவைக் கொல்லும் சின்னக் குளவிகள்தான். (கொழுந்து மலையில் நம்மைக் கொட்டுகிற குளவியல்ல, இது மனுசரை ஒன்றும் செய்யாது.) குளவி அழிந்தால் ஈ பெருகும். காசும் போகும், மருந்து பீலித் தண்ணியிலும் கலக்கும்.

கோடு விழுந்த அடியிலைகளை ஆரம்பத்திலேயே கிள்ளிப் புதையுங்கள். அறுவடை முடிந்த செடியை விட்டுவைக்க வேண்டாம். மருந்து தேவைதான் என்றால், விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டிக் கேட்டுவிட்டு அடியுங்கள்.