மறதியா, காது மந்தமா? கம்ப்யூட்டரில் ஞாபகசக்தி சோதனை

புதிய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து பாட்டு, கேம்ஸ், போட்டோ என்று ஒரு சுற்று முடிந்ததும், வீட்டுப் பெரியவர்களை அதன் முன் உட்கார வைத்துப் பார்க்கும் ஆசை நமக்கு வரும். எனக்கும் வந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் சின்னத் தாத்தாவுக்கு 74 வயது. கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் சம்பந்தம் இல்லாமல் பதில் சொல்கிறார், மறதி நோயாக இருக்குமோ என்று அத்தை பயந்துகொண்டிருந்தார்.

இன்டர்நெட்டில் தமிழிலேயே பேசும் ஒரு சோதனை கிடைத்தது. லேப்டாப் ஐந்து சொற்களைச் சொல்லும். சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாத்தா சரியாகச் சொன்னது ஒன்றே ஒன்று. சிவப்பு எழுத்தில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அத்தை பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. லேப்டாப் 'சட்டை' என்றபோது தாத்தா 'கட்டையா?' என்று கேட்டிருந்தார். தலைக்கு மேல் ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவர் இளம் வயதில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். (பஞ்சாலைகளை நம்பி வாழ்ந்த ஊர் இது. தறிச் சத்தத்தில் காதைப் பாதி தொலைத்த தாத்தாக்கள் இங்கே பல வீடுகளில் உண்டு.)

வயதானாலும், பல வருடம் இரைச்சலில் இருந்தாலும், முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்தின் ஒலி காதில் விழுந்துவிடும். ச, க, த, ப போன்றவற்றைப் பிரித்து அறிவது சிரமம். சட்டை, கட்டை, பட்டை மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். காதில் விழாத சொல்லை மூளை எப்படி ஞாபகம் வைக்கும்?

இது வீட்டில் செய்யும் சோதனைக்கு மட்டும் உள்ள குறை அல்ல. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உருவாகி 2005-ல் வெளியான 'மோகா' சோதனையை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 30 மதிப்பெண். சொற்களை நினைவில் வைப்பதற்கு 5, எண்களை நேராகவும் தலைகீழாகவும் சொல்வதற்கு 2, வாக்கியங்களைத் திருப்பிச் சொல்வதற்கு 2, குறிப்பிட்ட எழுத்து வரும்போது தட்டுவதற்கு 1. ஆக, 10 மதிப்பெண் நேரடியாகக் காதை நம்பி இருக்கிறது! காது மந்தமானவர்களுக்கென்றே 'மோகா-ஹெச்' என்ற வடிவம் 2023-ல் வெளியானது. அதில் வாயால் சொல்வதைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிறார்கள்.

படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு எழுத்து உதவாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான 'கேன்டாப்' பெரும்பாலும் படங்களை வைத்தே நடக்கும். தொடுதிரையில் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். எந்த வடிவம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும். தொடுதிரை என்பதைக் கவனியுங்கள். மவுஸைப் பிடித்துப் பழகாதவரிடம் மவுஸைக் கொடுத்தால் நீங்கள் அளப்பது கைப்பழக்கத்தைத்தான்.

வீட்டில் முயன்று பார்ப்பதானால் ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிடுங்கள். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரை நம்பாமல் காதை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று ஆக்சசிபிலிட்டி, ஆடியோ என்று தேர்ந்தெடுத்து 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்தால் இரண்டு காதுக்கும் முழு ஒலியும் போகும். பிரவுசரில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி பிளஸ் கீயைத் தட்டுங்கள். கண்ணாடியை மறக்க வேண்டாம்.

மறுநாள் நான் வேறு ஐந்து சொற்களைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டினேன். (பழைய சொற்களையே கொடுத்தால் பழக்கத்தில் சொல்லிவிடுவார்.) ஐந்தில் நான்கு வந்தன. அத்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் இதை வைத்து 'தாத்தாவுக்கு மறதி நோய் இல்லை' என்று நான் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நடுத்தர வயதில் வரும் காது மந்தமே அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று லான்செட் இதழின் நிபுணர் குழு 2017-லேயே பட்டியலிட்டது. காது மெஷின் போட்டால் மறதி நின்றுவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 977 முதியவர்களை 3 ஆண்டுகள் கவனித்து 2023-ல் வெளியிட்ட 'அச்சீவ்' ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ள பிரிவினரிடம் மட்டும் மூளைத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது.

எனவே முதலில் காது, பிறகு மூளை. அருகிலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோமெட்ரி எடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மரிலேயே அந்தப் பிரிவு உண்டு. அந்த ரிப்போர்ட்டுடன் மறதிக்கான மருத்துவரைப் பாருங்கள். இன்டர்நெட் மதிப்பெண்ணைப் பிரிண்ட் எடுத்துப் போக வேண்டியதில்லை.

தாத்தாவுக்கு இரண்டு காதிலும் மெஷின் போட்டாயிற்று. முறையான மறதிச் சோதனை அடுத்த மாதம். அன்று காலை மெஷினுக்குப் புது பேட்டரி போட வேண்டும் என்று அத்தை காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.