நீர் தேங்கும் தோட்டத்திற்கு எந்தப் பூங்கிழங்கு?

மதுரைச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது. இதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே கே.கே. நகரை ஒட்டிய வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் தாழ்வாக உள்ள தோட்டம் ஐப்பசியில் சேறாகவும் சித்திரையில் வெடிப்பாகவும் இருக்கும். கிழங்குக்குப் பணம் கொடுக்குமுன் உழவர்கள் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிழங்குப் பூச்செடிகளை வறட்சி எளிதில் கொல்வதில்லை. நீரையும் உணவையும் கிழங்கு சேமித்து வைத்திருக்கிறது. தேங்கும் நீரே அவற்றுக்கு எமன். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்ததும் காற்று வெளியேறி, வேர்கள் மூச்சுமுட்டுகின்றன. பிறகு பூசணம் புகுந்து கிழங்கை அழுகச் செய்கிறது.

நிலத்தை அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல மழைக்குப் பின் ஓரடி ஆழக் குழி வெட்டி, அதை நீரால் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடம் சம்பங்கிக்கு ஆகாது. திருமங்கலம் பகுதிக் கரிசலில் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும். அங்கும் சம்பங்கிதான் வேண்டுமென்றால், சமப்பாத்தியைத் தவிர்த்து உயரமான பார் அமைத்து, வடிகாலை முதலில் வெட்டிவிட்டு ஆனி, ஆடியில் நடவேண்டும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள, அழுகலற்ற கிழங்குகளையே தெரிந்தெடுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'சிருங்கார்', 'பிரஜ்வல்' ஆகிய ஒற்றையடுக்கு இரகங்கள் உதிரிப்பூ விற்பனைக்கு ஏற்றவை. 'சிருங்கார்' வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும்.

வாய்க்கால் ஓரத்திலும் கழிநீர் ஓடும் கொல்லையிலும் கல்வாழை தாராளமாக வளரும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இதற்கு இடமில்லை. வீட்டழகுக்கு மட்டுமே நடலாம். விஷமூங்கில் ஈரம், காய்ச்சல் இரண்டையும் தாங்கும்.

வடிகால் நன்கு உள்ள செம்மண் மேட்டிற்குச் செங்காந்தள் ஏற்றது. கோடையில் கொடி பட்டுப்போனாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக்கிடக்கும். இதன் கிழங்கில் நுனியில் மட்டுமே முளை உண்டு. அது ஒடிந்தால் கிழங்கு வீண். செடி முழுதும் நஞ்சு என்பதால் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதவாறு வேலியிடுதல் அவசியம்.

ஐரிஸ், டூலிப் கிழங்குகளின் வண்ணப்படங்களைப் பார்த்து ஆசைப்படும் நண்பர்களும் உண்டு. அவற்றிற்குக் குளிர்காலத்தின் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழிப் பனி அதற்குப் போதாது.