கடலைப் பார்க்கும் வேலை, கடலுக்குள் இறங்கும் வேலை

எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்பது கரோனா காலத்துக்குப் பிறகு ஒரு தலைமுறையின் கனவாகிவிட்டது. சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997-இல் ‘டிஜிட்டல் நோமேட்’ என்கிற நூலை எழுதியபோது அது வெறும் ஊகம். இன்றோ அது நாடுகளின் சுற்றுலாக் கொள்கை. ஆண்டுக்கு 50,000 டாலர் வருமானம் உள்ளோர் ஓராண்டு தங்கிப் பணியாற்ற 2020 ஜூலையில் பார்படோஸ் அனுமதி அளித்தது. 5 லட்சம் பாட் இருப்பைக் காட்டுவோருக்கு ஐந்தாண்டு விசாவைத் தாய்லாந்து 2024 ஜூலையில் அறிமுகப்படுத்தியது. தென்னை நிழலில் மடிக்கணினியுடன் ஒருவர் அமர்ந்திருக்கும் படம் இந்தத் திட்டங்களின் அடையாளமாக எங்கும் காணக் கிடைக்கிறது.

அந்தப் படத்துக்குள் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கும் அதில் இணைக்கப்பட்டது. அதன் பிறகே என்னைப் போன்ற மென்பொருள் பணியாளர்கள் அங்கே தங்கி வேலை பார்ப்பது சாத்தியமானது. இப்போது அதே தீவில் நான் ஸ்கூபா பயிற்றுநர். இந்த மாற்றத்தை ஒரு சாகசக் கதையாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டு தொழில்களின் கணக்கையும் நேர்மையாக விளக்குவதே நோக்கம்.

வெப்பமண்டலத்தில் ஒரு மேசை

தொலைவிலிருந்து பார்க்கும் வேலையின் முதல் எஜமான் கடிகாரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இந்தியாவில் மாலை 6.30, அங்கே குளிர்காலம் என்றால் இரவு 7.30. அந்தமானோ இந்திய நேரத்தின் கிழக்கு விளிம்புக்கு அருகில் இருப்பதால், டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அமெரிக்க வாடிக்கையாளருக்காக உழைப்பவருக்குப் பொழுது சாய்ந்த பின்தான் வேலைநாள் தொடங்குகிறது. பின்னிரவில் முடித்து, முற்பகலில் கண் விழிக்கும்போது, விடியலில் புறப்பட்ட முக்குளிப்புப் படகுகள் கரை திரும்பிக்கொண்டிருக்கும். கடல் எனக்கு ஜன்னல் காட்சியாக மட்டுமே இருந்தது. அந்த வேலைக்குத் தீவு தேவையே இல்லை. தாம்பரத்தில் ஓர் அறை போதும்.

இன்னொரு உண்மையும் உண்டு. எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை, எங்கே வேண்டுமானாலும் போய்விடக்கூடிய வேலையும்தான். என் மேசையிலிருந்து செய்ததை வேறொரு நாட்டில் வேறொருவர் குறைந்த கூலிக்குச் செய்யலாம். நாளை ஒரு நிரலும் செய்யலாம். ஸ்கூபா பயிற்றுநரின் வேலை அப்படி இடம்பெயராது. தண்ணீருக்குள் பதறும் ஒருவரின் கையைப் பிடிக்க, இன்னொரு மனிதர் அதே தண்ணீரில் இருந்தாக வேண்டும்.

நீருக்குள் இருக்கும் கணக்கு

1943-இல் ழாக் கூஸ்தோவும் எமீல் கான்யானும் உருவாக்கிய ‘அக்வாலங்’ கருவிதான் இன்றைய ஸ்கூபாவின் முன்னோடி. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருவதே ரெகுலேட்டரின் வேலை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் அழுத்தம் மும்மடங்கு. அதனால் மேற்பரப்பில் ஒரு மணி நேரம் வரக்கூடிய காற்று அங்கே 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஆபத்தும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி சில மீட்டர் ஏறினாலே நுரையீரல் சேதமடையலாம். ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே’ என்பது முதல் பாடமாக இருப்பது அதனால்தான். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலேறினால், திறந்த சோடா புட்டியைப் போல் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும். இதைத் தவிர்ப்பதற்கான முறையான அட்டவணையை 1908-இல் ஜே.எஸ். ஹால்டேன் வெளியிட்டார். மெதுவாக ஏறுவதும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும் இன்றைய நடைமுறை.

சுற்றுலாப் பயணி ஒருநாளில் ஓரிரு முறை இறங்கி ஏறுவார். பயிற்றுநரோ மாணவர்களுடன் பலமுறை ஏறி இறங்குகிறார். காதுத் தொற்று, முதுகு வலி, தோல் எரிச்சல் ஆகியவை எங்கள் தொழிலின் நிரந்தரத் தோழர்கள். கடும் சளி பிடித்தால் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. அன்றைக்கு வேலையும் இல்லை, பெரும்பாலான இடங்களில் ஊதியமும் இல்லை. அழுத்த நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் உயரழுத்த அறை எல்லாத் தீவுகளிலும் இருப்பதில்லை.

தகுதியும் வருமானமும்

1966-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘பாடி’ அமைப்பின் படிநிலைகள் பல நாடுகளில் ஏற்கப்படுகின்றன. முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை செல்லலாம். தொழில்முறையின் முதல் படியான ‘டைவ் மாஸ்டர்’ ஆக 18 வயதும் குறைந்தது 60 முக்குளிப்புகளும் தேவை; 400 மீட்டர் நீச்சலும், களைத்துப்போனவரை 100 மீட்டர் இழுத்து வருவதும் தேர்வில் உண்டு. பயிற்றுநர் தேர்வுக்கு 100 முக்குளிப்புகள் வேண்டும். படிப்புக் கட்டணம், சொந்தக் கருவிகள், காப்பீடு, ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம் எனச் செலவு தொடரும். பயிற்சிக் காலத்தில் பல மையங்கள் ஊதியம் தருவதில்லை. சிலிண்டர் சுமப்பதும் படகு கழுவுவதும் கற்றலின் பகுதி என்பார்கள்.

என் இன்றைய வருமானம் பழைய ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். பல மாதங்களுக்குப் படகுகள் கரையிலேயே கிடக்கும். ஆறேழு மாத வருவாயில் பன்னிரண்டு மாதங்களை நடத்த வேண்டும். வருங்கால வைப்பு நிதி, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் சொந்தப் பொறுப்பு. “கல்விக் கடனைக் கட்டி முடிச்சிட்டியா? அப்புறம் எங்க வேணாலும் குதி” என்றார் என் அம்மா. உணர்ச்சியால் அல்ல, கணக்கால் அவர் கேட்ட கேள்வி அது. கடனை அடைத்த பிறகே பதவி விலகல் கடிதம் எழுதினேன்.

கடலே நிரந்தரமில்லை

மடிக்கணினி வேலையை இயந்திரம் பறிக்கலாம் என்றால், இந்த வேலையை வெப்பம் பறிக்கலாம். நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது பவள உயிரிகள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகின்றன. 2010-இல் அந்தமானின் பவளப்பாறைகள் கடுமையாக வெளிறின. 2016-இல் தாய்லாந்து அரசு இதே காரணத்தால் பல முக்குளிப்புத் தளங்களை மூடியது. நான்காவது உலகளாவிய பவள வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. விமானத்தில் பயணிகளை வரவழைத்து, டீசல் படகில் அழைத்துச் சென்று பவளத்தைக் காட்டும் எங்கள் தொழிலும் இந்த வெப்பத்தில் பங்குடையது. இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு இத்தொழிலை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

யாருக்குச் சொந்தமான திறன்?

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ பதிவுசெய்திருக்கிறார். தூத்துக்குடிப் பகுதியில் சங்கு குளிப்போர் இன்றும் கடலடிக்குச் செல்கிறார்கள். கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து உழைப்போரும் அவர்களில் உண்டு. எனக்குப் பொருந்தும் அதே அழுத்த விதி அவர்களுக்கும் பொருந்தும். என்னிடம் சான்றிதழும், ஏறும் வேகத்தை எச்சரிக்கும் கணினியும், காப்பீடும் இருக்கின்றன. அவர்களிடம் தலைமுறைகளின் கடலறிவு இருக்கிறது. நல்ல ஊதியம் தரும் வேலையைக் கைவிட்டு நான் கடலுக்குள் போனால் அது ‘துணிச்சல்’. பிழைப்புக்காக அவர்கள் போனால் செய்தியே இல்லை. பாடங்கள் தமிழில் கிடைத்து, கட்டணத்துக்கு அரசு உதவியும் இருந்தால், அந்தப் பிள்ளைகள் என்னைவிடச் சிறந்த பயிற்றுநர்களாவார்கள். திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பி என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மலிவான வாழ்க்கையும் அழகான பின்னணியும்தான் வேண்டும் என்றால் மடிக்கணினியே போதும், அதில் குறைவொன்றும் இல்லை. கடல்தான் வேண்டும் என்றால், முதலில் வேலையை விடாமல் 60 முக்குளிப்புகளை முடியுங்கள். ஒரு முழுப் பருவம் பணியாற்றிப் பாருங்கள். பிறகு, படகு ஓடாத ஒரு மழைக்காலத்தைக் கையிருப்பில் கடந்து பாருங்கள். பவளமும் வண்ண மீன்களும் முதல் மாதத்திலேயே பழகிவிடும். நடுங்கும் கையுடன் நீரில் இறங்கும் அந்நியர் ஒருவர், உங்களை நம்பி மெதுவாக மூச்சு விடத் தொடங்கும் நிமிடம் நூறாவது முறையும் உங்களுக்கு அலுக்கவில்லை என்றால், அப்போது முடிவெடுங்கள்.