பொலிகிடாய்த் தேர்வும் பராமரிப்பும்

மழை பொய்த்த வருஷத்திலும் ஏழைக் குடியானவனைக் காப்பாற்றுவது அவனது சிறு செம்மறி மந்தையே. ஆயினும் அம்மந்தை வருஷாவருஷம் உருவத்தில் சிறுத்துக்கொண்டே போவதைப் பல கிராமங்களில் காணலாம். இதற்கு மேய்ச்சல் குறைவு மட்டும் காரணமன்று. பணமுடை நேரும்போது நன்கு வளர்ந்த ஆண்குட்டிகளே முதலில் வியாபாரியிடம் போகின்றன. விலை போகாமல் நின்ற நோஞ்சான் மந்தைக்குப் பொலிகிடாயாகிறது. ஒரு பெட்டையின் குணம் அதன் ஒன்றிரண்டு குட்டிகளுக்கே சேரும். கிடாயின் குணமோ அவ்வருஷத்துக் குட்டிகள் அனைத்திற்கும் சேரும்.

ஆகையால் குட்டிகளை விற்குமுன்னரே கிடாய்க்குரியதைப் பிரித்து வைத்தல் அவசியம். பால் மிகுந்த தாய்க்குப் பிறந்து, விரைவில் வளர்ந்த குட்டியே உத்தமம். மார்பு அகன்று, முதுகு நேராய், கால்கள் உறுதியாய் இருத்தல் வேண்டும். விதைகள் இரண்டும் ஒரே அளவாய், கட்டியின்றி, பையினுள் தாராளமாக அசைய வேண்டும். மேச்சேரி இனத்தில் கிடாய்க்கும் பெரும்பாலும் கொம்பு இராது. எனவே கொம்பைக் கண்டு மதிப்பிடுதல் கூடாது. இரண்டு நிலைப்பற்கள் முளைத்து, ஏறக்குறைய ஒன்றரை வயதான பின்னரே கிடாயை முழு வேலைக்கு விடலாம்.

இருபத்தைந்து முதல் முப்பது பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும். சினைக்காலம் சுமார் 150 நாட்கள். ஆடி, ஆவணியில் சேர்த்தால் மார்கழி, தையில் குட்டிகள் பிறக்கும். வடகிழக்குப் பருவமழையில் தழைத்த புல் தாய்க்குப் பாலாகும். விந்து உற்பத்தியாகி முதிர ஏழு வாரங்கள் செல்லுமாதலால், சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கிடாய்க்குத் தினம் கால் கிலோ தானியமும் பசுந்தழையும் கொடுத்துவர வேண்டும். கொடிய வெயில் விந்தைக் கெடுக்கும். நண்பகலில் நிழல் இன்றியமையாதது. குளம்புகளைச் சீவுதலும், குடற்புழு மருந்து கொடுத்தலும் இக்காலத்திலேயே நடைபெறட்டும்.

கிடாயின் மார்பில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசினால், சேர்ந்த பெட்டைகளின் பின்புறத்தில் அடையாளம் படியும். பெட்டைக்குப் பருவம் 17 நாட்களுக்கொருமுறை வரும். ஆதலால் 17 நாட்களுக்குப் பின் வேறு நிறம் பூசுக. பெரும்பாலான பெட்டைகளில் மறுபடியும் அடையாளம் விழுமாயின் கிடாயிடம் குறையுண்டென்று ஐயுற்று, கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம்.

ஒரே கிடாயை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால், தான் ஈன்ற பெட்டைகளோடு சேர்ந்து மந்தை மெலியும். ஆனால் புதுக் கிடாய் வாங்கக் கைமுதல் வேண்டுமே என்பர். ஒரே கிராமத்தில் நான்கு மந்தைக்காரர்கள் ஒன்றுகூடி, ஆளுக்கொரு உறவற்ற கிடாயை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கொருமுறை முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம். நோயுள்ள கிடாய் ஒரு மந்தையிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதபடி முன்னதாகப் பரிசோதித்தல் முக்கியம். தனியொருவனுக்குப் பாரமாகிய செலவு, நால்வர் சேர்ந்தவிடத்து எளிதாகும். விற்கும் குட்டியின் எடையிலேயே அதன் பலன் தெரியும்.