கடல் மீனில் சேரும் பாதரசம்

ஜப்பானின் கியூஷு தீவில் மினமாட்டா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 1950களில் அங்கே மீன்கள் செயலிழந்து நீரில் மிதந்தன. மீனைத் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு துள்ளி மடிந்தன. பிறகு மீனவக் குடும்பங்களில் பலருக்குக் கைகால் மரத்துப்போயிற்று. பார்வையும் பேச்சும் குன்றின. 1956ஆம் ஆண்டு மே மாதம் இந்நோய் முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று.

காரணம் என்ன? அவ்வூரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை அசிட்டால்டிஹைடு தயாரித்து வந்தது. அதற்குப் பாதரசச் சேர்மம் வினையூக்கியாகப் பயன்பட்டது. அப்போது உண்டான மெதில் பாதரசம் கழிவுநீருடன் விரிகுடாவில் கலந்தது.

இவ்வளவு பெரிய கடலில் நஞ்சு நீர்த்துப் போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். நீர்த்துத்தான் போகிறது. ஆனால் உயிரினங்கள் அதை மீண்டும் திரட்டிவிடுகின்றன!

கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் நீரிலுள்ள மெதில் பாதரசத்தை முதலில் ஏற்கின்றன. அவற்றைச் சிறு மீன்களும், சிறு மீன்களைப் பெரிய மீன்களும் தின்கின்றன. மீனின் உடலில் சேரும் மெதில் பாதரசத்தில் பெரும்பகுதி இவ்வாறு உணவின் வழியே வருவதுதான். அது குடல் வழியாக இரத்தத்தில் கலந்து, புரதங்களிலுள்ள கந்தகத்துடன் இறுகப் பிணைந்து தசையில் தங்குகிறது. வெளியேறுவதோ மிக மெதுவாக.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மீன் 10 கிலோ இரையைத் தின்று 1 கிலோ எடை கூடுகிறது என்று கொள்வோம். மீதி இரை ஆற்றலாகச் செலவாகிறது, கழிவாகவும் போகிறது. பாதரசம் மட்டும் முழுவதும் தங்கிவிட்டால், அந்த 1 கிலோ தசையில் அதன் செறிவு இரையில் இருந்ததைப்போல் 10 மடங்காகிவிடும். உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் இவ்வாறு செறிவு உயர்வதே 'உயிரியல் உருப்பெருக்கம்' எனப்படுகிறது. சுறா, வாள்மீன் போன்றவற்றின் உடலில் இச்செறிவு கடல்நீரில் உள்ளதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் உயரக்கூடும்.

அளவு மிகுந்தால் மீனின் நரம்பு மண்டலம் கெடுகிறது, நீந்துவதும் இரை தேடுவதும் தடுமாறுகின்றன, இனப்பெருக்கம் குன்றுகிறது. தாய்மீனிலிருந்து முட்டைக்கும் நஞ்சு செல்கிறது.

கழுவினாலோ சமைத்தாலோ தசையிலுள்ள பாதரசம் நீங்காது. அதற்காக மீனையே ஒதுக்க வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் பொதுவாகக் குறைவு.

மினமாட்டாவில் அந்தக் கழிவு 1968இல் நின்றது. நஞ்சு கலந்த சேற்றைத் தோண்டி அகற்றும் பணி 1990 வரை நடந்தது. விரிகுடாவின் மீன் உண்ணத் தக்கது என்று அறிவிக்கப்பட்டது 1997இல்தான். கடலில் விட்டது எளிது. திரும்ப எடுக்க ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.