கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு!

"அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்று கோபத்தில் சொல்லுகிறோம். அந்தக் கொழுப்பு பேச்சிலே தெரிந்துவிடும். ரத்தத்தில் ஏறும் கொழுப்போ வெளியே தெரியாது. வலி இராது, காய்ச்சல் இராது. மாரடைப்பு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

ஒல்லியான ஆட்களுக்கும் இது வரும்!

நல்லதும் கெட்டதும்

கொலஸ்ட்ரால் விஷம் அல்ல. உடம்புக்கு அது தேவை. பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக் கொள்கிறது. ஈரலுக்கு இதில் முக்கிய வேலை.

எண்ணெய் தண்ணீரில் கரையாது அல்லவா? கொழுப்பும் அப்படியே. வண்டியில் ஏற்றிய மூட்டை போல ரத்தத்தில் அது போகிறது. "எல்.டி.எல்." என்ற வண்டி அதிகமானால், ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படியும். அந்தப் படிவு வெடித்தால் ரத்தம் உறைந்து வழி அடைபடும். இருதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம்.

"எச்.டி.எல்." மிச்சக் கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும். இது நல்ல வண்டி.

"டிரைகிளிசரைடு" என்று இன்னொரு கொழுப்பு உண்டு. சர்க்கரை, மது, அளவுக்கு மீறிய சோறு ஆகியவை அதை ஏற்றும்.

5,209 பேர்

அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். அங்கே 1948-ல் ஆராய்ச்சி தொடங்கியது. 5,209 பேரை டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் மிகுந்தவர்களுக்கு இருதய நோய் அதிகம் வருவது தெரிந்தது.

சமையலறையில்...

தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால், அதிலுள்ள கொழுப்பு எல்.டி.எல்.லைக் கூட்டும். நெய், வனஸ்பதியும் அப்படித்தான். "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்" என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தாராளமாக ஊற்றாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம்!

கீரை, காய்கறி, பயறு, மீன் நல்லவை. தினம் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்.

பூஞ்சை தந்த மருந்து

சிலருக்குப் பத்தியம் மட்டும் போதாது. பரம்பரையாகவே கொழுப்பு மிகுந்திருக்கும். அவர்களுக்கு மருந்து வேண்டும்.

ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-ல், அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளைக் கண்டார். "ஸ்டேட்டின்" மாத்திரைகளுக்கு அதுவே வழிகாட்டி. 1987-ல் அந்த வகை மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

"சோதனையில் அளவு குறைந்துவிட்டது. இனி மாத்திரை எதற்கு?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். குறைந்ததே மாத்திரையால்தானே! நிறுத்தினால் மறுபடியும் ஏறும்.

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால், இந்த வாரமே நீங்களும் ரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள்.