அவசர சிகிச்சைப் பிரிவில் யார் முதல்?

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில், உல்லாஸ்நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். "ஒன்றுமில்லை தம்பி, வாயுதான், நெஞ்சைப் பிடிக்கிறது" என்றார். நானும் நர்ஸிடம் "கேஸ் ஹுவா ஹை" என்றேன். பெஞ்சில் உட்காரச் சொன்னார். எங்களுக்குப் பின் வந்த இருவர் உள்ளே போனதும் எனக்குக் கோபம் மூண்டது. சண்டைக்கு எழுந்தபோதுதான், பெரியம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுவதையும், இடது கை மரத்துப் போனதையும், சர்க்கரை வியாதி இருப்பதையும் சொன்னேன். மறு நிமிஷமே அவரை உள்ளே கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு! அன்று தாமதம் செய்தது ஆஸ்பத்திரி அல்ல, அன்பர்களே, என் மொழிபெயர்ப்பு.

டிக்கெட் ஜன்னலில் முன்னே வந்தவர்க்கே முதலிடம். அவசரப் பிரிவில் அந்த நியாயம் செல்லாது. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்த்து, யாருடைய உயிர் அதிக ஆபத்தில் இருக்கிறதோ அவரையே முதலில் கவனிப்பார்கள். இம்முறைக்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். தரம் பிரித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். நெப்போலியன் படையிலிருந்த லாரே என்ற ரண வைத்தியர், பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை செய்தார். இன்று பல இடங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமிட்டுப் பிரிக்கிறார்கள். காத்திருக்கச் சொன்னால் பெரும்பாலும் அது நல்ல செய்தியே. ஆனால் காத்திருக்கையில் நோய் முற்றினால், வாய் மூடி இருக்கலாகாது. உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

ஆதலின், நோயின் பெயரை நாமே சூட்டாமல், கண்டதைக் கண்டபடி சொல்வதே நம் வேலை. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு, மூச்சுத் திணறலாகவோ வயிற்றுக் கோளாறு போலவோ வரக்கூடும். நெஞ்சு வலியென்றால், வந்த 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. வாய் கோணி, கை விழுந்துவிட்டால், அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்பார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே கேள்வியை மூன்று டாக்டர்கள் கேட்டாலும் சலிக்க வேண்டாம். டாக்டர் பார்க்கும்வரை உணவோ காபியோ கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம்.

விபத்தென்றால் போலீஸ் வந்த பிறகுதான் வைத்தியம் என்ற அச்சம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. முதலில் உயிர், பிறகே காகிதம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. தனியார் டாக்டரையும் அது கட்டுப்படுத்தும். 1992-இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவரைப் பல அரசு ஆஸ்பத்திரிகள் இடமில்லையென்று திருப்பி அனுப்பின. 1996-இல் அதே கோர்ட் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு வழங்கச் சொன்னது. லோக்கல் ரயிலின் வாசற்படியில் தொங்கி வகுப்புக்கு வரும் நாம் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்புகள் இவை.

பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு இப்போது சுருக்குப்பையிலேயே இருக்கிறது. அதன் பின்புறம் என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.